மரச்சாமானில் குடும்பப் படங்கள்: புதுச்சேரிக் காற்றுக்கு ஏற்ற டெகூபாஜ் வழிகாட்டி

காகிதத்தில் எடுத்த படத்தை மரத்தில் ஒட்டி, மேலே பல பூச்சு வார்னிஷ் கொடுத்து, படமும் மரமும் ஒரே பரப்பாகத் தெரியும்படி செய்வது டெகூபாஜ். ஒட்டும் வேலை அரை நாளில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய தயாரிப்பும் பிந்தைய காத்திருப்பும்தான் வேலையின் பெரும்பகுதி. புதிதாகச் செய்கிறவர்கள் ஒட்டும்போது தவறுவது குறைவு. பிரிண்ட் எடுக்கும் கடையில் தவறுகிறார்கள், இல்லாவிட்டால் ஈரம் காயும் முன்பே வார்னிஷைத் தொட்டுவிடுகிறார்கள்.

நம் ஊரில் இந்த இரண்டாவது தவறு அடிக்கடி நடக்கும். வெளியூர் வீடியோவில் “இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும்” என்று சொல்வதைப் புதுச்சேரியிலோ கடலூரிலோ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கீழே உள்ள காய்வு நேரமெல்லாம் கடலோரத்து ஈரக்காற்றைக் கணக்கில் வைத்துச் சொன்னவை. ஒரு சின்னப் பெட்டிக்கு வேலை ஒரு வாரம், அதன் பிறகு தொடாமல் வைக்க மூன்று நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தச் சாமான், எந்த இடம்

முதல் முறைக்கு மூடி போட்ட மரப்பெட்டி, ட்ரே, டிராயர் முகப்பு, சின்ன டீப்பாய் இவற்றில் ஒன்று போதும். பரப்பு தட்டையாக இருக்க வேண்டும். கடைசல் காலிலும் வளைந்த கைப்பிடியிலும் காகிதம் மடியத்தான் செய்யும்.

சாப்பாட்டு மேசை, குளியலறை அலமாரி, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஷெல்ஃப் இவை வேண்டாம். சூடும் ஈரமும் தினமும் பட்டால் எந்த வார்னிஷும் தாங்காது. மைக்கா ஒட்டிய சாமானும் முதல் முறைக்கு ஆகாது. அந்த வழவழப்பில் பிரைமர் பிடிப்பதே சிரமம்.

நல்ல தேக்கிலும் ஈட்டியிலும் செய்த பழைய சாமானில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். புதுச்சேரிப் பழைய வீடுகளில் அப்படிப்பட்ட அலமாரிகளும் எழுதுமேசைகளும் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு நல்ல பாலிஷ் போதும். பெயின்ட் அடித்துக் காகிதம் ஒட்டிவிட்டால் அதன் மதிப்பு போய்விடும், திரும்ப எடுப்பதும் பெரும்பாடு. பிளைவுட், ரப்பர் மரம், ஏற்கெனவே பெயின்ட் அடித்த பழைய பெட்டி போன்றவையே இதற்குப் பொருத்தம்.

சாமானை வெள்ளைத் தாளின் மேல் சில நாள் வைத்துப் பாருங்கள். கீழே மெல்லிய மரத்தூள் விழுந்திருந்தால் உள்ளே உளு இருக்கிறது. முதலில் அதற்கு மருந்து அடித்து, தூள் விழுவது நின்ற பிறகே மற்றது. மேலே காகிதம் ஒட்டிய பின் பூச்சி துளைத்தால் துளை படத்தின் வழியாகத்தான் வெளியே வரும்.

இன்னொன்று, வீட்டாரைக் கேட்காமல் செய்யக் கூடாதது. உட்காரும் மணையிலும் கால் வைத்து ஏறும் முக்காலியிலும் பெரியவர்கள் படத்தை ஒட்டாதீர்கள். மாலை போட்டுச் சுவரில் வைத்திருக்கும் தாத்தா, ஆயா படம் கால் படும் உயரத்தில் வந்தால் யாராவது ஒருவர் மனம் கட்டாயம் வருந்தும். அவர்கள் படம் பெட்டி மூடியின் உள்பக்கத்திலோ அலமாரிக் கதவின் மேல்பாதியிலோ அழகாக அமையும். “அத்தை, இந்த இடத்தில் மாமா படம் வைக்கலாமா?” என்று முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2. அசல் படத்தைப் பெட்டிக்குள் வையுங்கள்

ஒட்டப் போவது எப்போதும் நகல்தான். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் மேற்பரப்பில் ஜெலட்டின் படலம் இருக்கிறது. தண்ணீர் கலந்த பசை பட்டால் அது ஊறிக் குழைந்துவிடும். ஒருமுறை ஒட்டிவிட்டால் பிரித்தெடுக்கவும் முடியாது.

சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. அந்த மழையில் தண்ணீர் புகுந்த வீடுகளில் நனைந்த ஆல்பங்களை அவசரப்பட்டுப் பிரித்து, முகம் கண்ணாடியோடு போய்விட்டதாக வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வைத்து எடுத்துவிடுங்கள், நகலுக்கு அது போதும்.

ஸ்கேன் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள். காரணம் சின்னக் கணக்குதான். இரண்டு அங்குல அகலப் படம் 600இல் 1200 பிக்சல் ஆகிறது. பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்றால், அதே படத்தை நான்கு அங்குலம் வரை தெளிவு குறையாமல் பெரிதாக்கலாம். ஸ்கேனர் இல்லையென்றால், ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் போடாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள்.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த தாத்தா வியட்நாமின் சைகோனிலிருந்து அனுப்பிய படம் இங்கே பல வீடுகளில் உண்டு. முன்பக்கம் விறைப்பாக நிற்கும் ஓர் இளைஞர். பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை, தேதி, மங்கிய மசியில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியைத் தனி பிரிண்டாக எடுத்துப் படத்துக்குக் கீழே ஒட்டினால், பேரப்பிள்ளைகள் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள்.

3. பிரிண்ட்: பாதிப் பேர் தவறும் இடம்

கடையில் முதல் கேள்வி, “அண்ணா, இது லேசரா, இங்க்ஜெட்டா?” லேசர்தான் வேண்டும். லேசர் பிரிண்டில் இருப்பது சூட்டில் உருகிக் காகிதத்தோடு ஒட்டிய டோனர் தூள். தண்ணீரில் கரையாது. வீடுகளில் இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டர்களில் பெரும்பாலும் தண்ணீரில் கரையும் மைதான். பசை பட்டவுடன் புடவைக் கரை முகத்தில் வழியும்.

சந்தேகம் இருந்தால் பிரிண்டின் ஓரத்தில் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் நிறம் வந்தால் அது இதற்கு ஆகாது.

பளபளப்பான போட்டோ பேப்பர் கேட்காதீர்கள். “நல்ல பேப்பரில் போடுங்க” என்று சொல்லி வாங்கி வருகிறார்கள், பிறகு ஓரம் ஒட்டவே மாட்டேன் என்று தூக்குகிறது. போட்டோ பேப்பர் தடிமனானது, பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் பூச்சும் இருக்கும், பசை உள்ளே இறங்காது. 80 முதல் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வரை உள்ள சாதாரண வெள்ளைத் தாள் போதும். மெல்லிய தாளின் விளிம்பு நாலைந்து பூச்சு வார்னிஷில் மறைந்துவிடும். தடித்த தாளின் விளிம்பு விரலில் இடறிக்கொண்டே இருக்கும்.

படத்தைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தெளிவு போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டு போங்கள்.

இடம் வலம் மாற்றி, கண்ணாடி பிம்பமாகப் பிரிண்ட் எடுக்கத் தேவையில்லை. அது காகிதத்தை உரித்துவிட்டு மையை மட்டும் மரத்தில் பதிக்கும் வேறொரு முறைக்கு உரியது. இரண்டு முறையையும் குழப்பிக்கொண்டு, கடைப் பெயர்ப்பலகை இடவலம் மாறித் தெரியும் படத்தோடு வருகிறவர்கள் உண்டு.

வார்னிஷ் ஏறினால் படம் சற்றுக் கருக்கும். அதனால் பிரிண்டுக்கு முன் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள். ஐம்பது வருட இடைவெளியில் எடுத்த படங்களைக் கலர் கலராக ஒட்டினால் கண்ணுக்கு இதமாக இருக்காது. எல்லாவற்றையும் ஒரே கறுப்பு வெள்ளைக்கோ பழுப்புக்கோ மாற்றிக்கொள்வதே என் விருப்பம். ஒவ்வொரு படத்திலும் இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று சோதனைக்கு.

4. காலமும் கையிருப்பும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதைத் தொடங்க வேண்டாம். மரமும் ஈரத்தில் உப்பியிருக்கும், பசையும் காயாது. பிப்ரவரி, மார்ச் தோதான மாதங்கள். கத்திரி வெயிலில் செய்வதானால் விடியற்காலையில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பிரஷிலேயே பசை காய்ந்துவிடும். வெயில் நாளில் பிற்பகலில் கடற்காற்று திரும்பினால் ஈரத்தோடு தூசியும் சேர்ந்து வரும், அதனால் வார்னிஷை மதியத்துக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

வாங்க வேண்டியவை: 120, 220, 400 நம்பர் உப்புத்தாள், மரத்துக்கான பட்டி, வெள்ளை பிரைமர், வாட்டர் பேஸ் பெயின்ட், ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, ஒரு அங்குலத் தட்டை பிரஷ் மூன்று, ஸ்பிரே வடிவில் நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு, வாட்டர் பேஸ் வார்னிஷ். பழைய ஏடிஎம் கார்டு ஒன்று, தையல் ஊசி, புது பிளேடு வீட்டிலேயே இருக்கும். பசைக்கும் பெயின்டுக்கும் வார்னிஷுக்கும் தனித்தனி பிரஷ் வையுங்கள். பசை பிரஷில் மிச்சமிருக்கும் கட்டி வார்னிஷில் மணல் மாதிரி நிற்கும்.

5. மரத்தைத் தயார் செய்தல்

முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து, ஒரு நாள் காய விடுங்கள். கடலோர வீடுகளில் சாமான் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இருக்கும். எண்ணெய்க் கையும் பழைய மெழுகு பாலிஷும் அதோடு சேரும். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் அதையெல்லாம் மரத்துக்குள்ளேயே தேய்த்துவிடுகிறோம்.

120இல் தொடங்கி 220இல் முடியுங்கள், மர ரேகை ஓடும் திசையில். பழைய பளபளப்பு போனால் போதும், மரத்தைக் கரைக்க வேண்டாம். பழைய பெயின்ட் இருந்தால் கவனம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்று எண்ணி, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரைப் பயன்படுத்துங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

ஆணித் துளைக்கும் கீறலுக்கும் பட்டி பார்த்துத் தேய்த்துவிடுங்கள். பிறகு ஒரு கை பிரைமர், அது காய்ந்ததும் வெளிர் நிறத்தில் இரண்டு கை பெயின்ட். பசை ஊறிய மெல்லிய தாள் கொஞ்சம் ஒளி ஊடுருவும், அடியில் கறுத்த மரம் இருந்தால் வெள்ளைச் சட்டை சாம்பலாகத் தெரியும். அதனால்தான் அடி நிறம் வெளிறியிருக்க வேண்டும். ஓர் இரவு காயட்டும்.

6. பிரிண்டின் இரு பக்கமும் ஒரு பூச்சு

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். தாள் ஈரத்தில் விரியும், மரம் அதே அளவு விரியாது. விரிந்த தாளுக்குப் போக இடமில்லாமல் சுருக்கம் விழுகிறது. ஒட்டும் முன்பே அக்ரிலிக் பூச்சு ஏறிய தாள் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும், சுருக்கமும் குறையும்.

ஓரடி தள்ளி நின்று, மெல்லியதாகத் தூவுங்கள். முன்பக்கம் காய்ந்ததும் பின்பக்கம். நனைகிற அளவுக்கு அடித்தால் ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் டோனரை இளக்கிவிடும். மொட்டை மாடியிலோ திறந்த திண்ணையிலோ, காற்று அடங்கிய நேரத்தில் செய்யுங்கள்.

7. வெட்டி அடுக்கிப் பார்த்தல்

பூச்சு காய்ந்த பிறகு வெட்டுங்கள், தாள் விறைப்பாக இருப்பதால் கத்தரி வழுக்காது. கத்தரியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் விளிம்பு உள்நோக்கிச் சரிந்து வெட்டுப்படும், வெள்ளை ஓரம் மேலே தெரியாது.

பசையில்லாமல் எல்லாவற்றையும் மேலே பரப்பிப் பாருங்கள். கீல், பூட்டு, கைப்பிடி வரும் இடத்தில் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடித் துளை போட்ட பிறகு அது யாருடைய நெற்றியில் விழுந்தது என்று பார்ப்பது தாமதம். இடைவெளியை நிரப்பப் பழைய கடித நகலோ, மெல்லிய கைத்தாளோ நன்றாக இருக்கும். அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959 முதல் இங்கேயே இயங்குவதால் நமக்கு நல்ல கைத்தாள் கிடைப்பது சிரமமில்லை. தடித்ததை விட்டு மெல்லியதாகத் தேர்ந்தெடுங்கள்.

அமைப்பு திருப்தியானதும் போனில் ஒரு படம் எடுத்து, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பென்சிலில் எண் போடுங்கள். கையில் பசை இருக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

8. ஒட்டுதல்

மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர். பிரஷில் இழுபடாமல் பரவ வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது.

அடியில் போக வேண்டிய துண்டை முதலில் எடுங்கள். மரத்தில் ஒரு மெல்லிய பூச்சு, தாளின் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய பூச்சு. இரண்டு பக்கமும் பசை இருந்தால் உலர்ந்த திட்டு எங்கும் நிற்காது. உலர்ந்த திட்டுதான் பிறகு குமிழியாக எழும்பும். பசையைக் கொட்டிவிட்டால் பிடிப்பு கூடும் என்பது தவறான எண்ணம். மிகுந்த பசை தாளை ஊறவைத்துச் சுருக்கம்தான் தரும்.

தாளை ஒரு ஓரத்தில் வைத்து மெதுவாகப் படிய விடுங்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, கார்டால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். விரலால் நேரடியாகத் தேய்க்காதீர்கள், ஈரத் தாளில் டோனர் உரிந்து மூக்கும் உதடும் போய்விடும். விளிம்பில் பிதுங்கும் பசையை உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

ஒரு பெரிய படம் இரண்டு டிராயரில் பரவ வேண்டுமானால், டிராயர்களை மூடி, இடைவெளிக்கு மேலாகவே முழுப் படத்தையும் ஒட்டுங்கள். நன்றாகக் காய்ந்த மறுநாள், புது பிளேடை இடைவெளியில் இறக்கி ஒரே இழுப்பில் வெட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது வெட்டினால் தாள் நார் நாராகக் கிழியும். வெட்டிய விளிம்பை உள்பக்கமாக மடித்துப் பசை தடவி அழுத்துங்கள்.

9. காத்திருங்கள்

ஒட்டியபின் மின்விசிறியை நேராகத் திருப்பாதீர்கள். மேல்பக்கம் மட்டும் சட்டென்று காய்ந்து ஓரம் சுருண்டு எழும். அறைக் காற்று போதும்.

நல்ல வெயில் காலத்தில் ஓர் இரவு, மேகமூட்டமான நாளில் இரண்டு நாள். காய்ந்துவிட்டதா என்று அறியப் புறங்கையைப் படத்தின் மேல் வையுங்கள். பக்கத்தில் உள்ள வெறும் மரத்தைவிடச் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் வரை வார்னிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள்.

10. வார்னிஷ்

பசையையே மேல்பூச்சாக விட்டுவிடுவது பரவலான பழக்கம். சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் தண்ணீருக்கு இளகும். குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பை வைத்து எடுத்தால் வெள்ளை வளையம் நிற்கும். மேலே வார்னிஷ் கட்டாயம்.

வாட்டர் பேஸ் வார்னிஷ்தான் வேண்டும். எண்ணெய் வகை வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளாகும், கறுப்பு வெள்ளைப் படத்தில் அது பளிச்சென்று தெரியும். தின்னர் கலந்து அடிக்கும் லாக்கர் அதைவிட மோசம், டோனரையே கரைத்து இழுத்துவிடும். வார்னிஷ் பூச ஆசாரியிடம் கொடுப்பதாக இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் கைப்பழக்கத்தில் தின்னரைத்தான் எடுப்பார்.

டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் கிளறுங்கள், குலுக்கினால் நுரைக் குமிழி படத்தின் மேல் வந்து உட்காரும். மெல்லிய பூச்சாக நாலு முதல் ஆறு வரை, ஒவ்வொன்றுக்கும் நாலு மணி நேர இடைவெளி. ஒரு பூச்சு நீளவாக்கில் என்றால் அடுத்தது குறுக்காக. மூன்றாவது பூச்சு காய்ந்த பிறகுதான் 400 நம்பர் தாளால் இலேசாக நீவ வேண்டும். அதற்கு முன் நீவினால் தேய்வது வார்னிஷ் இல்லை, படம். தூளை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் அடுத்த பூச்சு.

11. கெட்டிப்படும் வரை

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் வார்னிஷ் முழுதாகக் கெட்டிப்பட்டுவிட்டது என்று ஆகாது. மூன்று நான்கு வாரம் மேலே எதையும் வைக்காதீர்கள். குறிப்பாக நியூஸ்பேப்பர் போட்டு மூடாதீர்கள், தலைப்புச் செய்தி படத்தில் பதிந்துவிடும். டீப்பாய்க்குக் கண்ணாடி போடுவதானால் நாலு மூலையிலும் சின்ன ரப்பர் பொட்டு வைத்து அதன் மேல் போடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி வார்னிஷோடு ஒட்டிக்கொள்ளும்.

வெயில் நேராக விழும் ஜன்னலோரம் வேண்டாம், நிறம் மங்கும். துடைக்க உலர்ந்த மென்துணி போதும். சானிட்டைசரும் ஸ்பிரிட்டும் வார்னிஷை இளக்கும்.

12. கோளாறு வந்தால்

குமிழி: காய்ந்த பிறகு ஊசியால் குத்தி, ஊசி முனையில் பசை ஏற்றி உள்ளே விட்டு, பிளாஸ்டிக் தாள் வைத்து அழுத்துங்கள். பெரிய குமிழியென்றால் பிளேடால் ஒரு சின்னக் கீறல், முகத்தில் படாமல்.

ஓரம் தூக்கினால் பிரஷ் முனையால் அடியில் பசை விட்டு, பிளாஸ்டிக் தாளின் மேல் புத்தகம் ஒன்றைப் பாரமாக வையுங்கள்.

பால் நிறத்தில் மங்கல்: உள்ளே ஈரம் சிக்கியிருக்கிறது. மேலே இன்னொரு பூச்சு அடிக்காதீர்கள், ஈரத்துக்கு வெளியே வர வழியே இருக்காது. உலர்ந்த அறையில் சில நாள் விடுங்கள், பெரும்பாலும் தானே தெளியும். தெளியவில்லை என்றால் மேல் பூச்சை மட்டும் 400 நம்பர் தாளால் எடுத்துவிட்டு, மழையில்லாத நாளில் மறுபடி பூசுங்கள்.

சுருக்கம் காய்ந்து நின்றுவிட்டால் அதை அழுத்தி நேராக்க முயல வேண்டாம். அந்தத் துண்டின் இரண்டாவது பிரதியை எடுத்து, சுருக்கத்தை உப்புத்தாளால் தட்டையாக்கி, அதே இடத்தில் மேலே ஒட்டிவிடுங்கள்.